வல்லாரையும் மஞ்சளும் மூளையைக் காக்குமா?

2009 இல் தலையில் ஷெல் துண்டு பட்ட என் மாமாவுக்கு இன்னும் இடைக்கிடை வலிப்பு வருகிறது. அண்மையில் கிளிநொச்சிக்குப் போனபோது மாமி ஒரு போத்தலை எடுத்து வந்து காட்டினார்.

"இது மூளைக்கு நல்லதாம் பிள்ளை. இதைக் குடுத்தால் ஆஸ்பத்திரிக் குளிசையை விடலாமோ?"

மஞ்சள் சாறும் மிளகுச் சாறும் சேர்த்துச் செய்த குளிசைகள் அவை. இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால், தேடி அறிந்து மாமிக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

மூளையில் அழற்சி என்றால் என்ன?

மூளைக்கென்று காவல் கலங்கள் உள்ளன. அவற்றின் பெயர் மைக்ரோகிளியா. காயம் பட்டதும் அவை விழித்து, இறந்த கலங்களை அகற்றுகின்றன. அது ஆறுவதற்குத் தேவையானது. ஆனால் அந்த விழிப்பு அடங்காவிட்டால், அவை சுரக்கும் இரசாயனங்கள் நல்ல நரம்புக் கலங்களையும் தாக்கும். தலைக்காயம் பட்டுப் பல ஆண்டுகள் கடந்தும் சிலரது மூளையில் இந்த அழற்சி தொடர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூலிகைகள் என்ன செய்கின்றன?

மஞ்சளில் உள்ள குர்குமினும் வல்லாரையில் உள்ள ஏசியாட்டிக் அமிலமும் இந்த அழற்சியைக் குறைப்பது ஆய்வுகூடக் கலங்களிலும் எலிகளிலும் தெரிந்திருக்கிறது. மனிதரில் கதை வேறு. குர்குமின் குடலில் இருந்து இரத்தத்துக்கு மிகக் குறைவாகவே சேர்கிறது. அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்து 2012 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் பலன் தெரியவில்லை. தலைக்காயத்தால் வரும் வலிப்பை இவை நிறுத்தும் என்று மனிதரில் நிறுவப்படவும் இல்லை.

மிளகு ஏன் சேர்க்கிறார்கள்?

மிளகின் பைப்பரின், குர்குமின் உடலில் சேரும் அளவைச் சுமார் 20 மடங்கு கூட்டியதாக 1998 இல் பெங்களூர் ஆய்வாளர்கள் எழுதினர். மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதியங்களைப் பைப்பரின் தடுப்பதே இதற்கு ஒரு காரணம். சிக்கலும் அங்கேதான். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயினின் அளவையும் அது இரத்தத்தில் கூட்டக்கூடும். அளவு மிஞ்சினால் தலைசுற்றும், நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்போரும் மஞ்சள் குளிசையில் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

வலிப்புக் குளிசையைத் திடீரென நிறுத்த வேண்டாம். வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வல்லாரைச் சம்பலும் மிளகு இரசமும் வழமைபோலச் சாப்பிடலாம். சாற்றைச் செறிவாக்கிய குளிசைதான் வேறு. அதை எடுப்பதானால், போத்தலையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். சித்த வைத்தியரிடம் போனாலும், எடுக்கும் ஆங்கில மருந்துகளின் பெயர்களைச் சொல்லுங்கள்.

மாமி அந்தப் போத்தலை மாமாவின் கிளினிக் பைக்குள் வைத்திருக்கிறார். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்கும்வரை அதைத் திறப்பதில்லை என்றார். ஆஸ்பத்திரிக் குளிசை வழமைபோல இரண்டு நேரமும் போகிறது.