அர்ச்சகருக்காக ஆளவந்தார் நடத்திய வழக்கு

ஆளவந்தார் என்றதும் வைணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தூதுவளைக் கீரை. அரசபோகத்தில் திளைத்திருந்தவரைத் திருவரங்கத்துக்கு இழுத்துவர மணக்கால் நம்பி ஆறு மாதம் அந்தக் கீரையை மடைப்பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். திடீரென்று ஒருநாள் நிறுத்தினார். கீரை எங்கே என்று விசாரிக்கப்போனவர் நம்பியிடம் அகப்பட்டுக்கொண்டார். அடுத்து நினைவுக்கு வருவது அவர் திருமேனியில் மடங்கிக் கிடந்த மூன்று விரல்களும், அவற்றைக் கண்டு இராமானுசர் செய்த சபதமும். குருபரம்பரை நூல்கள் சொல்லும் இந்தக் கதைகளைப் பாட்டிமார் வாய்மொழியாகவே ஊர் அறிந்துவைத்திருக்கிறது. அவர் வடமொழியில் எழுதிய ‘ஆகமப்ராமாண்யம்’ மட்டும் பண்டிதர்களோடு நின்றுவிட்டது. இது நியாயமில்லை. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடையில் ஒரு மதக்கூட்டத்தின் மீது கற்றவர்கள் என்னென்ன குற்றம் சாட்டினார்கள் என்பதை, குற்றம் சாட்டப்பட்ட பக்கத்து வக்கீலே ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கும் ஆவணம் அது. அதைப் படித்தால் ஒன்று புரிகிறது: சண்டை பரம்பொருளைப் பற்றித் தொடங்கினாலும், அதன் சூடெல்லாம் கோயிலில் மணியடித்துப் பிழைப்பவன் யார், எந்தப் பிறப்பு என்ற கேள்வியில்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பாகவதர் என்றும் சாத்வதர் என்றும் பெயர். அவர்கள் நூல்களுக்குப் பாஞ்சராத்திரம் என்று பெயர். வயதைப் பார்த்தால் அது புதிய மதம் இல்லை. மகாபாரதத்தின் நாராயணீயப் பகுதியிலேயே அது பேசப்படுகிறது. ஆனால் வேள்வித் தீயை நடுவில் வைத்து வாழ்ந்த வைதிகர்களின் கண்ணுக்கு, விக்கிரகத்தை நடுவில் வைத்து வாழ்ந்த இவர்கள் எப்போதும் நேற்று வந்தவர்கள்தான். தமிழ்நாட்டில் இந்தப் புதுமை இன்னும் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும். ஆளவந்தாரின் பாட்டனார் நாதமுனிகள்தான் ஆழ்வார் பாசுரங்களைத் தொகுத்து, இசையமைத்து, கோயிலில் பாட வைத்தவர் என்பது சம்பிரதாயம். வேதத்துக்கு நிகராகத் தமிழ், யாகசாலைக்கு நிகராகக் கர்ப்பக்கிருகம் என்றால் முகம் சுளிக்க ஆள் இல்லாமல் இருக்குமா?

சுளித்தவர்களின் வாதத்தை ஆளவந்தார் எடுத்துரைக்கும் பகுதி நூலிலேயே விறுவிறுப்பானது. இந்தப் பாகவதர்கள் கூலிக்குப் பூசை செய்கிறார்கள். கூலிக்குச் சாமி கும்பிடுகிறவனைத் தருமசாஸ்திரம் தேவலகன் என்று சொல்லி, மருத்துவனோடும் இறைச்சி விற்பவனோடும் ஒரே வரிசையில் நிறுத்திச் சிராத்தப் பந்தியிலிருந்து விலக்குகிறது. சாமிக்குச் சாத்திக் களைந்த மாலையை இவர்கள் சூடுகிறார்கள். படைத்ததை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். உபநயனம் ஆனவனுக்கு வேறு தீட்சை எதற்கு? தனியாகத் தீட்சை வைத்துக்கொள்வதே வேதம் போதாது என்று ஒப்புக்கொள்வதுதானே! நான்கு வேதங்களிலும் நன்மை காணாமல்தான் சாண்டில்யர் பாஞ்சராத்திரத்தைக் கற்றார் என்று இவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லையா? கடைசியில் பெரிய அடி: சாத்வதர் என்போர் சடங்கு தவறிய வைசியனின் வழியில் வந்தவர்கள் என்று மனு எழுதிவைத்திருக்கிறார், எனவே இவர்கள் பிராமணர்களே இல்லை. இன்றைக்கு நாம் துளசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றுகிறோம். அந்தத் துளசியும் பொங்கலும் ஒரு காலத்தில் குற்றப்பத்திரிகையில் சாட்சிப் பொருள்களாக இருந்தன.

இப்படி எதிரியின் வாதத்தை முதலில் எடுத்துவைக்கும் பூர்வபட்சம் என்பது நம் சாஸ்திர எழுத்தில் ஒரு சம்பிரதாயம்தானே, அடித்து வீழ்த்துவதற்கென்றே ஆசிரியன் கட்டி நிறுத்தும் வைக்கோல் பொம்மையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். நியாயமான ஐயம். ஆனால் எதிரிகள் வேறு நூல்களில் உயிரோடு இருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரிலபட்டர் தந்திரவார்த்திகத்தில் பாஞ்சராத்திரத்தைப் பௌத்தம், சமணம், பாசுபதம் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் போட்டு ஒதுக்குகிறார். ஆதிசங்கரர் பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாய உரையில் பாஞ்சராத்திரத்தின் ஒரு பகுதியை மறுக்கும்போது அதே சாண்டில்யர் கதையைத்தான் குற்றமாக எடுத்துக்காட்டுகிறார். மேலும், வைக்கோல் பொம்மைக்கு யாரும் இவ்வளவு கூர்மையான பல் வைக்க மாட்டார்கள். தன் கட்சியின் அர்ச்சகனைப் பந்தியிலிருந்து எழுப்பும் வசையை, தெருவில் யாரும் சொல்லாமல் ஒருவர் தானாகவே கற்பனை செய்து எழுதுவாரா என்ன?

பதில்களுக்கு வருவோம். சாண்டில்யர் விஷயத்துக்கு ஆளவந்தார் மீமாம்சகர்களின் ஆயுதத்தையே எடுக்கிறார்: ஒன்றைத் தாழ்த்திச் சொல்வது மற்றொன்றை உயர்த்திச் சொல்வதற்காகவே, தாழ்த்துவதற்காக அல்ல என்பது அவர்களுடைய விதி. பின்னால் இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்குச் சாந்தோக்கிய உபநிடதத்தின் நாரதரைத் துணைக்கு அழைக்கிறார்; எல்லா வேதமும் கற்றும் ஆத்மாவை அறியவில்லை என்று நாரதர் சனத்குமாரரிடம் புலம்பியது வேத நிந்தனையா? மனுவின் வரிக்கு ஆளவந்தார் தரும் பதிலில் குறும்பு இருக்கிறது. சாத்வதர் என்ற சொல் வரும் அதே பட்டியலில் ஆசாரியர் என்ற சொல்லும் வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதே பிறப்புக்குச் சான்று என்றால், வேதம் சொல்லிக்கொடுக்கும் ஆசாரியர்கள் அத்தனை பேரும் சடங்கு தவறியவனின் பிள்ளைகள்தாம்! அதன்பின் அவர் கேட்பது, உண்மையில் எந்தக் காலத்துக்கும் ஆபத்தான கேள்வி: ஒருவன் பிராமணன் என்று உனக்கு எப்படித் தெரியும்? குடுமியும் பூணூலும் கோத்திர நினைவும்தானே? அவை இந்தப் பாகவதர்களிடமும் நாள்தோறும் கண்ணால் காணக் கிடைக்கின்றனவே. உனக்குச் செல்லும் சான்று இவருக்கு ஏன் செல்லாது?

இந்த இடத்தில் அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எதிரி கொண்டுவந்த அளவுகோல் வளைந்தது என்று சொல்லாமல், அந்த அளவுகோலின்படியே என் கட்சிக்காரர் சரியான உயரம் என்று நிறுவினார். கூலிக்குப் பூசை என்ற குற்றச்சாட்டுக்கும் இதே கதி. எல்லாப் பாகவதரும் பிழைப்புக்காகச் செய்யவில்லை, வறுமையால் சிலர் செய்தாலும் அது தட்சிணைக்கு யாகம் செய்துவைப்பதைப் போன்றதுதான் என்றார். அதுவரை சரி. தேவலகன் என்ற வசை ருத்திரனையும் காளியையும் பூசித்துப் பிழைப்பவர்களைக் குறிக்கும் என்று திருப்பிவிட்டதும், பாசுபத, காபாலிக, காளாமுக நூல்களை வேதத்துக்குப் புறம்பானவை என்று தள்ளியதும்தான் சங்கடம். தன்மேல் எறியப்பட்ட கல்லைப் பொறுக்கிப் பக்கத்து வீட்டின் மேல் எறிகிற வேலை அது. திருவரங்கம் இருக்கும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அதே தீவில், கூப்பிடு தூரத்தில் சிவத்தலமான திருவானைக்காவும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நம் ஆசையை அவர் தலையில் கட்டுவது, இராமானுசர் வந்து எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டாரே என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. அரங்கன் கோயில் வழிபாட்டை வைகானசம் என்ற மற்றொரு வைணவ ஆகம முறையிலிருந்து பாஞ்சராத்திரத்துக்கு மாற்றியவர் அவரே என்று கோயில் வரலாறான கோயிலொழுகு சொல்கிறது. சங்கரர் மறுப்பாகப் படித்த சூத்திரங்களை ஸ்ரீபாஷ்யம் பாஞ்சராத்திரத்தின் ஆதரவாகப் படித்தது. ஆனால் அதே ஸ்ரீபாஷ்யம், வேதத்தின் வழி பிரம்ம வித்தை பயிலும் உரிமையை நான்காம் வருணத்துக்கு மறுக்கிறது. அளவுகோலையே தொட்டுப் பார்த்தவர்கள் இருநூறு ஆண்டுகள் கழித்துத் திருவரங்கத்தில் மணிப்பிரவாளத்தில் எழுதியவர்கள். பிள்ளை உலகாசிரியர் சம்பிரதாயத்தைக் கெடுக்கிறார் என்று பொறாமைக்காரர்கள் அரங்கநாதரான பெரிய பெருமாளிடமே முறையிட்டதாகவும், அவருக்குப் பதிலாகத் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் சன்னிதிக்குப் போய் விளக்கம் சொன்னதாகவும் ஒரு மரபுக் கதை உண்டு. நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம், நம்மாழ்வாரின் பிறப்பையும் தமிழையும் குறையாக எண்ணுகிறவர்களை நேருக்கு நேர் எதிர்கொள்கிறது. ஆளவந்தார் என் கட்சிக்காரரின் பிறப்பு நல்ல பிறப்பு என்று வாதாடினார். நாயனார் பிறப்பைப் பார்ப்பதே பிழை என்றார். இரண்டாவது வாதம்தான் வலுவானது என்பது என் கட்சி. ஆனால் முதல் வாதம் இடம் பிடித்துக் கொடுக்காமல் இரண்டாவது வாதத்துக்கு நிற்கத் திண்ணை கிடைத்திருக்காது.

அர்ச்சகரின் பிறப்பு பற்றிய வழக்கு அதோடு முடியவுமில்லை. பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்துத் தமிழக அரசு 1970-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை எதிர்த்து அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சேஷம்மாள் வழக்கு என்று அறியப்படும் அதில் 1972-இல் வந்த தீர்ப்பு, பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. கூடவே, விக்கிரகத்தைத் தொடும் தகுதியை ஆகமம் வரையறுத்தால் அதை மீற முடியாது என்றும் சொன்னது. கற்றவர்கள் ஒரு காலத்தில் பிரமாணமே இல்லை என்று தள்ளிய நூல்கள் இப்போது நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணமாகிவிட்டன. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற அரசாணை வந்தது. அதையொட்டி ஆறு பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் நான்கு சைவத்துக்கு, இரண்டு வைணவத்துக்கு. வைணவப் பள்ளிகளில் ஒன்று திருவல்லிக்கேணியில் அமைந்தது, மற்றொன்று ஸ்ரீரங்கத்தில்.