கென்ய சில்லிங் - தன்சானிய சில்லிங் நாணயமாற்று வீத வரலாறு

கென்ய சில்லிங், தன்சானிய சில்லிங் என்பன கிழக்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து அமைந்துள்ள இரு நாடுகளின் நாணயங்கள் ஆகும். இரண்டும் ஒரே தாய் நாணயத்திலிருந்து பிறந்தவை. 1966இல் ஒன்றுக்கு ஒன்று என்ற சமமதிப்பில் தொடங்கிய இவற்றின் மாற்று வீதம், 2015ஆம் ஆண்டளவில் ஒரு கென்ய சில்லிங்குக்கு ஏறத்தாழ 20 தன்சானிய சில்லிங் என்ற நிலையை அடைந்தது.

பொது நாணயக் காலம்

பிரித்தானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் முதலில் புழங்கியது இந்திய ரூபாய் ஆகும். அண்டையிலிருந்த செருமானியக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் (தன்சானியப் பெருநிலப்பகுதி இதனுள் அடங்கியிருந்தது) நாணயத்தின் பெயர் ரூபாய் என்பதே. முதல் உலகப் போருக்கு முன் 15 ரூபாய் ஒரு பவுண்டுக்குச் சமமாக இருந்தது. போர்க்காலத்தில் வெள்ளியின் விலை ஏறியதால் ரூபாயின் மதிப்பும் உயர்ந்தது. பவுண்டில் வருவாய் பெற்று ரூபாயில் கடனடைக்க வேண்டியிருந்த குடியேற்றத் தோட்டக்காரர்கள் இதனால் இடருற்றனர். 1920இல் ரூபாய்க்குப் பதிலாக இரண்டு பிரித்தானிய சில்லிங் மதிப்புள்ள புளோரின் கொண்டுவரப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை, ஓரிரு ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்க சில்லிங் அதன் இடத்தைப் பிடித்தது. இதனை 1919இல் நிறுவப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாணயச் சபை இலண்டனிலிருந்து வெளியிட்டது. கென்யா, உகாண்டா, தங்கனீக்கா ஆகியவற்றில் ஒரே நாணயம் செல்லுபடியானதால் அவற்றுக்கிடையே மாற்று வீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1936இல் சன்சிபாரும் இதில் இணைந்தது.

பிரிவும் சமமதிப்பும்

விடுதலைக்குப் பின் தனித்தனி மத்திய வங்கிகள் அமைப்பதென 1965இல் மூன்று நாடுகளும் அறிவித்தன. 1966இல் மூன்று புதிய சில்லிங்குகள் வெளிவந்தன. ஓர் அமெரிக்க டாலருக்கு 7.14 என்ற அளவில் மூன்றும் சமமாக நிறுத்தப்பட்டன. 1967 நவம்பரில் பிரித்தானியா பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது இம்மூன்று நாடுகளும் அதனைப் பின்பற்றவில்லை. இதனால் 20 சில்லிங்காக இருந்த பவுண்டு ஏறத்தாழ 17.14 சில்லிங் ஆகியது.

சமமதிப்பு நீடித்தாலும் பொருளாதாரங்கள் வேறுவேறு வழிகளில் சென்றன. 1967இன் அருசா பிரகடனத்தின் மூலம் தன்சானியா சமவுடைமைப் பாதையைத் தேர்ந்தது. கென்யா தனியார் முதலீட்டை வரவேற்றது. 1977இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் கலைந்தது; அவ்வாண்டே தன்சானியா கென்யாவுடனான எல்லையை மூடியது. 1979ஆம் ஆண்டிலிருந்து அலுவல்முறை வீதங்களும் விலகத் தொடங்கின.

காகித வீதமும் சந்தை வீதமும்

இவ்வரலாற்றில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடிய பகுதி 1980களின் தொடக்கமாகும். கென்யா 1981இலும் 1982இலும் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. தன்சானியாவோ, பன்னாட்டு நாணய நிதியம் வலியுறுத்திய பெரும் மதிப்பிறக்கத்தை அதிபர் சூலியசு நைரேரேயின் தலைமையில் ஏற்க மறுத்துவந்தது. இதனால் 1983இல் ஒரு டாலர் சராசரியாக 13.3 கென்ய சில்லிங்காகவும் 11.1 தன்சானிய சில்லிங்காகவும் இருந்தது. அதாவது, ஏட்டளவில் தன்சானிய நாணயமே வலிமையானது.

நடைமுறை இதற்கு நேர்மாறானது. உகாண்டாவுடனான 1978-79 போரின் செலவும் எண்ணெய் விலையேற்றமும் தன்சானியாவின் அந்நியச் செலாவணியைக் கரைத்திருந்தன. சர்க்கரை, சவர்க்காரம், சமையல் எண்ணெய் போன்ற அன்றாடப் பொருட்களுக்கே தட்டுப்பாடு நிலவியது. கள்ளச் சந்தையில் டாலரின் விலை அலுவல்முறை வீதத்தைப் போலப் பன்மடங்காக இருந்தது. அரசிடம் விளைச்சலை விற்ற காப்பி விவசாயிக்கு அலுவல்முறை வீதப்படியே பணம் கிடைத்தமையால், உயர்மதிப்பு நாணயம் என்பது அவர்மீது விதிக்கப்பட்ட மறைமுக வரியாகவே அமைந்தது. எல்லை தாண்டிய கடத்தல் பெருகியதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1983இல் பொருளாதார நாசவேலைக்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டுப் பலர் கைதாயினர். எனினும் பற்றாக்குறை தீரவில்லை. எனவே இக்காலத்து அலுவல்முறை வீதத்தை மட்டும் கொண்டு இரு நாடுகளின் விலைவாசியை ஒப்பிடுவது பிழையான முடிவையே தரும்.

1985 நவம்பரில் நைரேரே பதவி விலக, அலி அசன் முவினி அதிபரானார். அடுத்த ஆண்டில் நிதியத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 1985 முடிவில் டாலருக்கு 16.5 ஆக இருந்த தன்சானிய சில்லிங், 1986 முடிவில் 50ஐத் தாண்டியது.

பிற்கால வீதங்கள்

கீழுள்ளவை தோராயமான ஆண்டுச் சராசரிகள். வரிசை: ஆண்டு, டாலருக்குக் கென்ய சில்லிங், டாலருக்குத் தன்சானிய சில்லிங், ஒரு கென்ய சில்லிங்குக்குத் தன்சானிய சில்லிங்.

1985 – 16.4 – 17.5 – 1.1
1990 – 22.9 – 195 – 8.5
1995 – 51.4 – 575 – 11.2
2000 – 76.2 – 800 – 10.5
2010 – 79.2 – 1,396 – 17.6
2015 – 98.2 – 1,991 – 20.3
2020 – 106.5 – 2,294 – 21.5
2023 – 139.8 – 2,383 – 17.0

வீதம் ஒரே திசையில் நகரவில்லை. 1992 தேர்தலையொட்டிய பணப்பெருக்கமும் கோல்டன்பெர்க் ஊழலும் கென்ய நாணயத்தை வீழ்த்தியதால், 1992இல் 9 அளவிலிருந்த வீதம் 1993இல் 7 ஆகக் குறைந்தது. 2023இல் கென்யாவின் வெளிநாட்டுக் கடன் பற்றிய அச்சம் இதே விளைவைத் தந்தது. 2024 பெப்ரவரியில் கென்யா புதிய பன்னாட்டுக் கடன்பத்திரங்களை விற்றதும் அதன் சில்லிங் விரைந்து மீண்டது.

ஒரு கென்ய சில்லிங் 20 தன்சானிய சில்லிங்குக்குச் சமம் என்பதால் கென்யர் 20 மடங்கு செல்வர் என்று பொருளாகாது. ஒரு பொருளின் விலையும் ஊதியமும் அந்தந்த நாணயத்தின் அளவிலேயே குறிக்கப்படுகின்றன. கடந்தகாலப் பணவீக்கங்களின் திரண்ட வேறுபாட்டையே இவ்வெண் பெரிதும் காட்டுகிறது.

மீண்டும் பொது நாணயம்

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1999இல் கையெழுத்தான உடன்படிக்கையால் புத்துயிர் பெற்றது. பொது நாணயத்திற்கான நெறிமுறை 2013 நவம்பரில் கையெழுத்தானது. அதற்கென முதலில் குறிக்கப்பட்ட 2024ஆம் ஆண்டு இலக்கு, பின்னர் 2031க்குத் தள்ளிவைக்கப்பட்டது.