ஆட்காட்டியின் குரலும் அலமாரியில் இருந்த டேப் ரிக்கார்டரும்



இன்று விடியற்காலை ஒரகடம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் நின்று, பேத்தி என் போனில் போட்டுக் கொடுத்த மெர்லின் செயலியைத் திறந்தேன். சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். அதற்கு நடுவிலும் குயில், செம்போத்து, தையல்சிட்டு என்று ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கடைசியில் ஆட்காட்டி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவையை இன்று போன் காட்டிக்கொடுத்தது!

இந்த வித்தை ஒரே நாளில் வந்ததல்ல. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877இல். 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற எட்டு வயதுச் சிறுவன், தான் வளர்த்த பறவையின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். நமக்குத் தெரிந்து உலகில் முதலில் பதிவான பறவைக் குரல் அதுதான். அது என்ன பறவை தெரியுமா? நம் நாட்டுக் காடுகளிலும் பாடும் சோலைபாடி!

1929இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஆலன், பேசும்படக் கருவியைக் கொண்டு காட்டுப் பறவைகளின் குரலைப் பதிந்தார். அங்கே தொடங்கிய சேகரிப்புதான் இன்றைய மெக்காலே நூலகம். குரலைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் வசதி மெர்லினில் வந்தது 2021இல். நம் நாட்டுப் பறவைகள் பின்னர் சேர்ந்தன. செயலி ஒலியைப் படமாக மாற்றிப் பார்க்கிறது. எந்தப் படம் எந்தப் பறவை என்பதை, மனிதர்கள் பதிந்து பெயர் எழுதிவைத்த குரல்களிலிருந்து அது கற்றுக்கொண்டது. யாரோ பதிந்து வைத்ததால்தான் அதற்குத் தெரிகிறது.

நாம் என்ன பதிந்தோம்? 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் வந்தது. 2014இல் அந்த ஆலை மூடியது. இன்றும் நம் ஊரில் போன் செய்கிறார்கள். உங்களில் பலர் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஆலைகளால்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை என்னுடையது. நம் பள்ளி அலமாரியில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும். வகுப்பில் ஆட்காட்டி போல நான் கத்திக் காட்டுவேன், நீங்கள் சிரிப்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே மேய்க்கால் நிலத்தில் நிஜ ஆட்காட்டியே கத்திக்கொண்டிருக்கும். ஒரு நாளும் அந்தச் சிவப்புப் பொத்தானை நான் அமுக்கவில்லை. இன்று அங்கே மதில்சுவர். அன்றைய காலை எப்படி ஒலித்தது என்று பேத்திக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். நைட் ஷிப்ட் முடிந்து வருபவர்கள், வழியில் ஏரி இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊர், தேதி, நேரம் சொல்லிவிட்டுப் பதியுங்கள். செயலியும் தவறு செய்யும்; கண்ணாலும் பாருங்கள். பதிந்த குரலைக் கூட்டருகே ஒலிக்கவிட்டுப் பறவையை மிரட்டாதீர்கள். இ-பேர்டில் ஏற்றினால் அந்த நூலகத்தில் நம் ஏரியின் குரலும் சேரும்.

நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளைகளே.