பாடம் செய்யப்பட்ட புலிகள்: சித்தூர், திருப்பதி மலைகளின் வேட்டை வரலாறு

ரேணிகுண்டாவிலிருந்து கடப்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் மாமண்டூர் என்றொரு சிறிய நிலையம் உண்டு. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மாமண்டூர் அன்று இது. சேஷாசல மலைக்காட்டின் விளிம்பில், செம்மரங்கள் சூழக் கிடக்கும் சிற்றூர். ஆங்கிலத்தில் வேட்டை இலக்கியம் படிப்போர் இவ்வூரின் பெயரை ஒரு புலியின் வழியாகவே அறிவர். கென்னத் ஆண்டர்சன் 1957இல் வெளியிட்ட நூலில் மாமண்டூரின் ஆட்கொல்லிப் புலி ஓர் அத்தியாயத்தைப் பிடித்துள்ளது. அதற்கு முன் 1954இல் வந்த அவருடைய முதல் நூலில், திருப்பதிக்கு மேற்கே உள்ள சாமலா பள்ளத்தாக்கின் புலிக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. இன்று அந்த மலைகளில் சிறுத்தை உண்டு, கரடி உண்டு. நிலையாக வாழும் புலிக்கூட்டம் இல்லை. புலி போய், புலியின் கதை மட்டும் எஞ்சியது எவ்வாறு என்பதே இங்குக் கேள்வி.

ஆண்டர்சன் 1910இல் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பெங்களூரில் வளர்ந்து, அங்கேயே விமானத் தொழிற்சாலையில் பணிபுரிந்து, 1974இல் மறைந்தார். வேட்டை அவருக்குத் தொழில் அன்று. விடுமுறை நாள்களின் விருப்பம். பெங்களூரிலிருந்து கிழக்கே இறங்கினால் சித்தூர்க் காடுகள். தெற்கே இறங்கினால் சேலம் மாவட்டத்துக் காவிரிக் காடுகள். அன்று இவையிரண்டும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகவே இருந்தது. ஆந்திர மாநிலம் 1953இல் பிரிந்தபோதுதான் சென்னையை விட்டு நீங்கியது. ஆகவே, இம்மலைகளின் வேட்டை வரலாறு தமிழருக்கும் அயலாரின் வரலாறு அன்று.

அந்த வரலாற்றைத் தொடங்கிவைத்தது பொழுதுபோக்கு மட்டுமன்று. காட்டு விலங்கைக் கொல்வது ஆங்கிலேய அரசின் கொள்கையாகவும் இருந்தது. கொன்ற புலிக்கும் சிறுத்தைக்கும் ஓநாய்க்கும் அரசு வெகுமதி தந்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் 80,000க்கும் மேற்பட்ட புலிகளும் 1,50,000க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டுள்ளார். யானையின் நிலை வேறு. அது அரசுக்கு வேலை செய்யும் விலங்கு. ஆதலால் சென்னை மாகாணம் 1873லேயே யானையைக் காக்கச் சட்டம் இயற்றியது. எந்த விலங்கு காக்கத்தக்கது, எது அழிக்கத்தக்கது என்பதை அன்று முடிவுசெய்தது காடு அன்று, கருவூலம்.

இனித் துப்பாக்கியைப் பார்ப்போம். வசதி படைத்தோர் இலண்டனிலும் பர்மிங்காமிலும் துப்பாக்கி செய்வித்தனர். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, வாங்குபவரின் கைநீளம், தோளகலம், கன்னத்து உயரம் ஆகியவற்றை அளந்து, அக்ரூட் மரத்தில் அடிக்கட்டையைச் செதுக்குவர். இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரு குழல்களும் ஒரே இலக்கில் சுடும்படி, சுட்டுப் பார்த்துப் பார்த்துப் பற்றவைப்பர். இந்தத் தனிக்கலையைக்கூட அரசியல் தொட்டது. அரசுப் படைக்குரிய குண்டுகள் கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவில் தடைசெய்தனர். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கியாளர்கள் .465, .470 என்று புதிய அளவுகளைப் படைத்தனர். பின்னாளில் வேட்டைக்காரர் போற்றிய அந்தப் புகழ்பெற்ற அளவுகளுள் சில, இந்தியக் கலகம் குறித்த பயத்தின் பிள்ளைகள்.

ஆண்டர்சனின் கையில் இருந்தது அப்படிப்பட்ட ஆடம்பரப் பொருள் அன்று. அமெரிக்கத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த வின்செஸ்டர் 1895, .405 அளவு. விசைத்தண்டைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ஆனால் எத்துப்பாக்கியாயினும் அது கதையின் கடைசி நொடிக்கு மட்டுமே உரியது. அதற்கு முந்தைய நாள்கள் முழுதும் வேறொருவருக்கு உரியவை.

அந்த வேறொருவர் தடம் பார்ப்பவர். மணலில் பதிந்த அடியைக் கண்டு ஆணா பெண்ணா, நேற்றா இன்றா என்று சொல்பவர். குரங்கின் கத்தலையும் மானின் கூவலையும் பிரித்தறிபவர். கொல்லப்பட்ட மாட்டின் அருகே எந்த மரத்தில் பரண் கட்டுவது என்று தீர்மானிப்பவர். சித்தூர் மலைகளில் யானாதிகளும் இருளரும் தலைமுறைகளாகக் காட்டை அறிந்தவர்கள். ஆங்கில வேட்டை நூல்கள் இத்தகையோரைப் பெரும்பாலும் ‘ஷிகாரி’ என்ற ஒரே பாரசீகச் சொல்லுக்குள் அடக்கிவிட்டன. பரண்கூட அந்நூல்களில் ‘மச்சான்’ என்ற இந்திச் சொல்லாகவே வழங்குகிறது. தமிழரின் காட்டைப் பற்றி எழுதிய பக்கங்களிலும் தமிழ்ச்சொல் நுழைய இடமில்லை. ஆண்டர்சன் இதில் ஓரளவு விதிவிலக்கு. காவிரிக் காட்டுப் பைராவை அவர் தம் நூல்களில் பெயரிட்டுப் பேசி, தமக்குக் காட்டைக் கற்பித்த நண்பராக மதித்தார். ஆனால் விதிவிலக்கு விதியை மாற்றவில்லை.

சுடப்பட்ட புலி அடுத்துச் சென்ற இடம் பெரும்பாலும் மைசூர். அங்கே யூஜின் வான் இங்கன் 1900ஐ ஒட்டித் தொடங்கிய தோல் பாடம் செய்யும் பட்டறையை அவருடைய பிள்ளைகள் 1999 வரை நடத்தினர். உரித்த தோலை உப்பிட்டுக் காயவைத்து அனுப்பினால், அவர்கள் அதைப் பதப்படுத்தி, அச்சில் வார்த்த காகிதக்கூழ் உருவத்தின்மேல் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, உறுமும் வாயும் நாவும் வண்ணத்தில் அமைத்துத் திருப்பி அனுப்புவர். அப்பட்டறை பாடம் செய்த புலிகளும் சிறுத்தைகளும் 43,000க்கும் மேல் என்று அதன் பதிவேடுகளை ஆராய்ந்த பாட் மாரிஸ் கூறுகிறார். இத்தொழிலுக்குத் தமிழில் வழங்கும் சொல் கவனத்துக்குரியது. புகையிலையைப் பாடம் செய்வதுபோல விலங்கையும் ‘பாடம் செய்கிறோம்’. கற்பதும் பாடம்; கெடாமல் வைப்பதும் பாடம். ஆனால் மைசூரில் பாடம் செய்யப்பட்ட அந்தப் புலிகள் கற்பித்தது ஒரு பொய்: எப்போதும் வாய்பிளந்து உறுமும் விலங்கு. காட்டுப் புலி மனிதர் இருப்பதை உணர்ந்தால் பெரும்பாலும் ஓசையின்றி விலகிச் செல்லும்.

1970இல் புலிவேட்டை தடைசெய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரவேற்பறைத் தலைகள் ஒரே நாளில் பெருமையிலிருந்து பொறுப்பாக மாறின. உரிமைச் சான்றிதழ் வேண்டும், விற்கலாகாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேண்டாதோர் அவற்றை அரசிடம் ஒப்படைக்கவும் வழி செய்தது. பாட்டனாரின் வீரச்சின்னத்தைப் பேரப்பிள்ளைகள் கோப்பு எண்ணோடு காத்துவரும் நிலை இது.

தடம் பார்ப்பவரின் அறிவு மட்டும் அப்போதும் மடியவில்லை. 1900க்குப் பின் எவரும் காணாததால் அழிந்துவிட்டதெனக் கருதப்பட்ட பறவை ஜெர்டன் கோர்சர், தெலுங்கில் கலிவிகோடி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கடப்பை மாவட்டத்து ஊர்களில் அதன் படத்தைக் காட்டிக் கேட்டு அலைந்தனர். 1986 ஜனவரியில் ரெட்டிபல்லி அருகே ஓர் இரவில் டார்ச் ஒளியில் அதைப் பிடித்துத் தந்தவர், ஐத்தன்னா என்னும் உள்ளூர் வேட்டைக்காரர். பறவை நெடுநாள் உயிர்வாழவில்லை. அதுவும் பாடம் செய்யப்பட்டது. ஆயினும் அதன் பயனாக ஸ்ரீலங்கமல்லேஸ்வரம் சரணாலயம் எழுந்தது. இம்முறை அறிவியல் வரலாற்றில் ஐத்தன்னாவின் பெயரும் நின்றது.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் திருமலைக்கு ஏறிய ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. ஆண்டர்சன் காலமாயின், பெங்களூருக்குத் தந்தி பறந்து ஒரு துப்பாக்கி வந்திருக்கும். இன்று கூண்டுகளும் தானியங்கிக் கேமராக்களும் வந்தன. பக்தர்களுக்குக் கைத்தடி வழங்கப்பட்டது. பிடிபட்ட சிறுத்தைகள் திருப்பதி விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்றன. தடி கொடுத்ததை நகைத்தவர் பலர். ஆனால் மகளை இழந்த குடும்பத்தின் துயருக்கு நகைப்பும் விடையன்று, துப்பாக்கியும் விடையன்று. எந்தச் சிறுத்தை, எந்த வழி, எந்த நேரம் என்ற கேள்விகளுக்கு விடை வேண்டும். அவ்விடை கேமராவில் பாதி உண்டு. மீதி, தடம் பார்க்கத் தெரிந்தவரின் கண்ணில் உண்டு. நூறாண்டு வேட்டை வரலாறு துப்பாக்கியைப் போற்றியது, தோலைப் பாடம் செய்து வைத்தது; அந்தக் கண்ணை மட்டும் காக்க மறந்தது. யானாதிக் குடியிருப்புகளில் அது இன்னும் அணைந்துவிடவில்லை என்பதே இம்மலைகளுக்கு எஞ்சியிருக்கும் நல்வாய்ப்பு.