'நகரத்தோம்': எழுவாய், பயனிலை இயைபு பற்றி

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தி, திருத்தப்பட்ட ஆங்கில விடைத்தாளோடு என்னிடம் வந்தாள். மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்தில் வந்து படித்தவள். தந்தைக்கும் சொந்தப் படகில்லை, தமையன்மாருக்கும் இல்லை என்பதை 'நெய்தர்', 'நார்' என்னும் இணையிடைச்சொற்களால் எழுதி, 'ஹேஸ்' என ஒருமையில் முடித்திருந்தாள். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, மேலே 'ஹேவ்' என்று எழுதப்பட்டிருந்தது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இலக்கண உணர்வே கிடையாது என்று வகுப்பில் சொல்லப்பட்டதாம். மதிப்பெண் போனதைவிட அந்தச் சொல்தான் அவளைத் தைத்திருந்தது.

"அப்பாதானே ஐயா வீட்டுக்குப் பெரியவர்? அவரை வைத்துத்தான் வினையை முடித்தேன்" என்றாள்.

அந்த விடையைத் தவறென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தின் இவ்விதி நெடுங்காலம் பள்ளிகளில் பரவக் காரணமானவர்களுள் ஒருவர் லிண்ட்லி மர்ரி. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய வழக்கறிஞர். அவருடைய ஆங்கில இலக்கணம் 1795இல் வெளிவந்தது. ஒருமைப் பெயரும் பன்மைப் பெயரும் இத்தகைய இடைச்சொல்லால் பிரிந்து நிற்குமாயின் வினை பன்மையைத் தழுவ வேண்டும், இயன்றவரை அப்பன்மைப் பெயரை வினைக்கு அருகில் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ரென், மார்ட்டின் இருவரின் நூலும் இதையே சொல்கிறது. (அந்த ரென் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். இலக்கணத்தால் வாடிய பிள்ளைகளுக்கு இது சிறு ஆறுதல்.)

இனி நன்னூலுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இதற்கு நெருங்கிய சிக்கலை எடுத்துக்கொள்கிறார். திணையும் பாலும் வேறுபட்ட பல பெயர்கள் விரவி வந்தால் எந்த முடிபு கொடுப்பது? சிறப்பு, மிகுதி, இழிபு என்னும் மூன்றில் ஒன்றைக் கருதி ஒரு முடிபு கொடுக்கலாம் என்கிறார். திங்களையும் சான்றோரையும் சேர்த்துச் சொல்லுமிடத்தில் சான்றோரின் சிறப்பால் உயர்திணை முடிபு வரும். மூர்க்கனையும் முதலையையும் சேர்த்தால் இழிபு கருதி அஃறிணையாக முடியும். மூர்க்கன் முதலையின் திணைக்கு இறங்கிவிடுகிறான்! வினைமுற்றைக் கொண்டே ஒருவனை வைய முடிகிற மொழி நம்முடையது.

ஒப்புமையை இழுத்து நீட்டக் கூடாது. நன்னூலார் பேசுவது திணை, பால் விரவலைப் பற்றி. 'இதுவுமில்லை, அதுவுமில்லை' என்பதற்கு நாம் இரு பெயரிலும் உம்மையை ஏற்றி, எதிர்மறையை வினையில் வைத்துக்கொள்வோம். எதிர்மறை இடைச்சொற்களின் இணை நமக்குத் தேவைப்படவில்லை. ஆயினும் மர்ரி மிகுதியைப் பார்த்தார், என் மாணவி சிறப்பைப் பார்த்தாள் என்று சொன்னால் அது பிழையாகாது. அவளுக்கு இலக்கண உணர்வு இல்லாமலில்லை. வேறோர் இலக்கணத்தின் உணர்வு இருந்தது.

இயைபு தமிழில் வினையோடு நிற்பதுமில்லை. ஆங்கிலத்தில் 'கமிட்டி' ஒருமையா பன்மையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் சபையார் 'சபையோம்' என்றும், ஊரார் 'ஊரோம்' என்றும், வணிக நகரத்தார் 'நகரத்தோம்' என்றும் பேசுவர். பெயரே தன்மைப் பன்மை விகுதியை ஏற்றுக்கொள்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றுண்டு. ஏறத்தாழ 1010ஆம் ஆண்டினது. நகரத்தார் கூடித் தங்கள் நிலத்தைப் பகிர்ந்துகொண்ட உடன்பாடு அது. ஹுல்ச் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதைப் பதிப்பித்தார்.

இந்த 'ஓம்' விகுதிக்கும் நன்னூலில் கணக்குண்டு. அம், ஆம் என்பன முன்னிற்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்த்துக்கொள்ளும். அதன்படி பார்த்தால் 'நகரத்தோம்' என்பதற்குள் அன்று அவைக்கு வராதவருக்கும் இடமுண்டு, கல்லை இன்று படிக்கும் நமக்கு இல்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மதிப்பெண் மாறாது, ஆங்கிலத் தேர்வில் ஆங்கில விதியே செல்லும் என்பதையும் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அந்த ஓமுக்குள்ளே எங்க குப்பத்து ஆளுங்களும் இருந்தாங்களா ஐயா?" என்று கேட்டாள். நகரம் என்பது வணிகர் அவை என்றேன்.