அனைத்தும் அடங்கிய கடற்கரை விடுதியில் தேனிலவு: ஒரு வரலாறு

புதிதாகத் திருமணமான தம்பதியர் ஒரு கடற்கரை விடுதியில் சில நாட்கள் தங்குகிறார்கள். அறை வாடகை, மூன்று வேளை உணவு, இடையில் கொறிப்பவை, மதுவகைகள், படகுச் சவாரி, இரவு நேரக் கலை நிகழ்ச்சி, விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வண்டி ஆகிய எல்லாவற்றுக்கும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஒரே தொகையாகக் கட்டிவிடுகிறார்கள். விடுதிக்குள் நுழைந்த பின் பணப்பையைத் திறக்கும் வேலையே இல்லை. இதை 'ஆல் இன்குளூசிவ்' முறை என்பர். தமிழில் 'அனைத்தும் அடங்கிய' முறை எனலாம். இன்று மாலத்தீவு, மெக்சிகோவின் கான்கூன், டொமினிக்கன் குடியரசு எனப் பல இடங்களில் இம்முறை பரவியுள்ளது. ஆனால் தம்பதியருக்கு மட்டும் என்ற வடிவத்தை அது கரீபியன் பகுதியில் முதலில் பெற்றது ஜமைக்காத் தீவில்தான். அங்கே அது ஏன் தோன்றியது என்பதற்கு விடை காண, கடற்கரையை விட்டுச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும்.

தேனிலவு என்னும் சொல்

'தேனிலவு' என்பது ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் அச்சொல் 16ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியது. ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. அக்காலத்தில் அது எந்தப் பயணத்தையும் குறிக்கவில்லை. திருமணமான புதிதில் அன்பு தேனாய் இனிக்கும், பிறகு முழுநிலவு தேய்வது போலத் தேயும் என்ற சற்றே கேலியான பொருள்தான் அதற்கு இருந்தது. திருமணமானவர்கள் மாதம் முழுவதும் தேன்மது அருந்தியதால் இப்பெயர் வந்தது என்று பல இணையப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பழைய சான்று எதையும் யாரும் காட்டுவதில்லை. மாணவர்கள் அதை அப்படியே எடுத்து எழுதாமலிருப்பது நல்லது.

பயணம் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வசதி படைத்த குடும்பத்து மணமக்கள், திருமணத்துக்கு வர இயலாத உறவினர் வீடுகளுக்குச் சென்று வந்தனர். இதை 'மணப்பயணம்' என்றனர். அவர்களுடன் தோழியரோ சகோதரரோ உடன்செல்வதும் உண்டு. நம் ஊர் மறுவீடும் புதுமணத் தம்பதிக்கு உறவினர் வைக்கும் விருந்தும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? என் திருமணத்துக்குப் பின் இரண்டு வாரம் ஒவ்வொரு பெரியப்பா, மாமா வீடாகச் சாப்பிட்டு வந்தோம். நாங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொண்டது பேருந்துப் பயணத்தில்தான். தேனிலவு என்பது எங்களுக்குச் சினிமாவில் பார்த்த சங்கதி. ஸ்ரீதர் இயக்கி 1961இல் வெளிவந்த 'தேன் நிலவு' காஷ்மீரில் படமாக்கப்பட்டது. அதைப் பார்த்த தலைமுறைக்குத் தேனிலவு என்றால் ஏரியும் பனிமலையும்தான், கடல் அன்று.

அமெரிக்காவிலும் கடற்கரைக்கு முன் அருவிதான் வந்தது. 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்ட பின் நயாகரா அருவிக்குச் செல்வது எளிதாகியது. ரயில் வந்ததும் மணமக்கள் கூட்டம் பெருகியது. உறவினர் வீடு என்ற இலக்கு மெல்ல மறைந்து, யாருக்கும் தெரியாத ஊரில் இருவர் மட்டும் இருப்பது என்பது வழக்கமாயிற்று.

ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை

ஒரே கட்டணம் என்ற கருத்து செல்வந்தர்களிடமிருந்து வரவில்லை என்பதே இவ்வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி. அது உழைப்பாளிகளுக்காகத் தோன்றியது.

இங்கிலாந்தில் பொருட்காட்சிக் கடைகள் நடத்திவந்த பில்லி பட்லின், 1936ஆம் ஆண்டு ஸ்கெக்னஸ் என்னும் கடலோர ஊரில் விடுமுறை முகாம் ஒன்றைத் திறந்தார். அதற்கு முன் கடற்கரைக்குச் செல்லும் தொழிலாளர் குடும்பங்கள் சிறு தங்கும் விடுதிகளில் அறை எடுப்பார்கள். காலை உணவு முடிந்ததும் வீட்டுக்காரம்மா வெளியே அனுப்பிவிடுவார்; மழை பெய்தாலும் மாலைவரை உள்ளே வரக்கூடாது. வேல்ஸ் நாட்டின் பேரி தீவில் அப்படி நனைந்தபடி திரிந்த குடும்பங்களைக் கண்டதுதான் தம் முகாமுக்கு வித்து என்று பட்லின் சொல்லி வந்தார். அவர் முகாமில் குடில், மூன்று வேளை உணவு, கேளிக்கைகள் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கின. ஒரு வாரக் கூலிக்கு ஒரு வார விடுமுறை என்பதே விளம்பரம். இரண்டு ஆண்டுகளில், 1938இல், ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கான சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது.

பிரான்சில் லியோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு 1936இலேயே தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியிருந்தது. விடுமுறை கிடைத்தது, போவதற்கு மலிவான இடம் வேண்டுமே! போர் முடிந்த பின் அதற்கு ஒரு விடை வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த நீர்ப்பந்து விளையாட்டு வீரர் ஜெரார் பிளிட்ஸ், போருக்குப் பின் வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்கள் உடல் தேறுவதற்கான இல்லம் ஒன்றை நடத்தியவர். வெயிலும் விளையாட்டும் நல்ல துணையும் மனிதனைத் தேற்றும் என்பதை அங்கே கண்டார். 1950 கோடையில் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் அல்குதியா என்ற இடத்தில் கூடாரங்கள் அடித்து 'கிளப் மெடிட்டரேனி' அமைப்பின் முதல் விடுமுறைக் கிராமத்தைத் தொடங்கினார். கூடாரங்களைத் தந்தவர் ஜில்பேர் திரிகானோ. போர்க்காலத்தில் நாஜிகளை எதிர்த்த பொதுவுடைமைவாதி. பின்னர் அவரே அமைப்பில் சேர்ந்து அதன் தலைவரானார்.

அங்கே ஆடம்பரம் ஒன்றுமில்லை. பொதுக் குளியலறை, நீண்ட மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து உண்ண வேண்டும். பிறகு கூடாரங்களுக்குப் பதில் பாலினேசிய பாணி ஓலைக் குடிசைகள் வந்தன. நீச்சலுடையில் சட்டைப்பை ஏது? ஆகவே மதுக்கூடத்தில் பணத்துக்குப் பதிலாகக் கழுத்தில் அணியும் மணிகளைக் கழற்றிக் கொடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். பணத்தைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் மனிதர் சமமாகத் தோன்றுவர் என்பது அதன் உள்நோக்கம். ஆனால் அது தம்பதியருக்கான இடமன்று. தனியாக வருவோர் கூடிப் பழகும் இடம்.

மலையடிவாரத்தில் இதய வடிவத் தொட்டி

தம்பதியருக்கு மட்டும் என்ற எண்ணம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் போக்கனோ மலைகளில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் ருடால்ஃப் வான் ஹோவன்பெர்க் என்பவர் புதுமணத் தம்பதியர் மட்டுமே தங்கக்கூடிய விடுதியை அங்கே தொடங்கினார். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் வரிசையாக மணம் முடித்த காலம் அது. அதே வட்டாரத்தில் கோவ் ஹேவன் விடுதியின் உரிமையாளர்களில் ஒருவரான மாரிஸ் வில்கின்ஸ், 1963இல் இதய வடிவக் குளியல் தொட்டியை அமைத்தார். அவர் முன்னாள் நீர்மூழ்கிக் கப்பல் வீரர், தொழிலால் மின்பணியாளர். 'லைஃப்' இதழில் அத்தொட்டியின் படம் வந்ததும் நாடெங்கும் பேச்சாயிற்று.

ஜெட் விமானம் இந்த மலைவிடுதிகளின் காலத்தை முடித்து வைத்தது. நியூயார்க்கிலிருந்து சில மணி நேரத்தில், குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும் கரீபியன் தீவு கிடைக்கும்போது மலையடிவாரத் தொட்டிக்கு யார் செல்வார்?

ஜமைக்கா

ஜமைக்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளை முதலில் கொண்டுவந்தவை வாழைப்பழக் கப்பல்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குப் பழம் ஏற்றிச் சென்ற கப்பல்கள், திரும்பும்போது பயணிகளை ஏற்றி வந்தன. அவர்கள் தங்க ஹோட்டல்கள் எழுந்தன. அவற்றின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தலைநகர் கிங்ஸ்டனில் மர்டில் பேங்க் ஹோட்டலின் நீச்சல் குளத்தில் கறுப்பின மக்கள் இறங்குவதில்லை என்பது எழுதாத விதி. 1948இல் ஈவன் பிளேக் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் அக்குளத்தில் குதித்தார். நீந்திக்கொண்டிருந்த வெள்ளையர்கள் கரையேறிவிட்டனர். அந்நிகழ்ச்சியை ஜமைக்கர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

அந்த ஹோட்டல் அப்போது இசா குடும்பத்தினர் கையில் இருந்தது. பாலஸ்தீனத்தின் பெத்லகேமிலிருந்து குடியேறி வணிகத்தில் உயர்ந்த குடும்பம் அது. ஏப் இசா 1949இல் வடகரையில் ஓச்சோ ரியோஸ் அருகே டவர் ஐல் ஹோட்டலைத் திறந்தார். 1955இல் சுற்றுலா வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1962இல் நாடு விடுதலை பெற்றது.

1970களில் நிலைமை மாறியது. 1972இல் பிரதமரான மைக்கேல் மேன்லி சனநாயகச் சமவுடைமையை அறிவித்தார்; கியூபாவுடன் நட்புக் கொண்டார். இரு பெரும் கட்சிகளின் ஆதரவாளர்களுக்கிடையே கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் துப்பாக்கிச் சண்டை மூண்டது. 1976இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1980 தேர்தல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் உயிரிழந்தனர். வன்முறை பெரும்பாலும் தலைநகரில்தான். வடகரைக் கடற்கரைகள் அமைதியாகவே இருந்தன. ஆயினும் அமெரிக்கச் செய்தித்தாள் படிப்பவருக்குத் தீவு முழுதும் ஒன்றே. அறைகள் காலியாகின, நலிந்த ஹோட்டல்களை அரசே வாங்க வேண்டி வந்தது.

இந்தச் சூழலில்தான் 1978இல் இசா குடும்பத்தின் ஜான் இசா, டவர் ஐல் ஹோட்டலை 'கப்பிள்ஸ்' எனப் பெயர் மாற்றித் தம்பதியர் மட்டும் தங்கும், அனைத்தும் அடங்கிய விடுதியாக நடத்தத் தொடங்கினார். மூன்றாண்டுகள் கழித்து, குளிர்சாதனப் பெட்டிகளும் வீட்டுச் சாதனங்களும் விற்றுவந்த கோர்டன் 'புட்ச்' ஸ்டூவர்ட், மான்டிகோ பே விமான நிலையத்தை ஒட்டிப் பாழடைந்து கிடந்த பே ராக் ஹோட்டலை வாங்கினார். ஹோட்டல் தொழிலில் அவருக்கு முன்னனுபவம் இல்லை. அதைச் சீரமைத்து 1981இல் 'சாண்டல்ஸ்' என்ற பெயரில் திறந்தார். ஓடுபாதை பக்கத்திலேயே இருந்ததால் விமான இரைச்சல் பெரும் குறை. விமானம் பறக்கும்போதெல்லாம் மேலே பார்த்துக் கையசைத்து, துணைக்கு ஒரு முத்தம் கொடுங்கள் என்று விருந்தினரிடம் சொல்லிக் குறையையே வேடிக்கையாக்கினார்கள்! நீந்தியபடியே சென்று பானம் வாங்கும் குளத்து மதுக்கூடம் 1984இல் அங்கே வந்தது.

தேனிலவுக்கு இம்முறை ஏன் இவ்வளவு பொருந்தியது? விடுதிக்காரர் கணக்கு எளிது. யார் எவ்வளவு உண்பார், குடிப்பார் என்பதன் சராசரி அவருக்குத் தெரியும். பணம் முன்பே கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கோப்பைக்கும் ரசீது எழுத ஆள் தேவையில்லை. தம்பதியருக்கு மொத்தச் செலவு முதலிலேயே தெரிந்துவிடும். கடைசி நாளில் பில்லைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். கணவன் மனைவி முதற்பூசல் பணத்தைப் பற்றியதாகவே இருப்பதை நாம் அறிவோம். அதை ஒரு வாரம் தள்ளிப்போடும் வசதியும் இதில் உண்டு. பணியாளர் இனாம் வாங்கக் கூடாது என்ற விதியும் சேர்ந்தபோது, பணம் என்ற பேச்சே மதிலுக்குள் ஒழிந்தது. வெளியே போகவே தேவையில்லை என்பது, அச்சம் சூழ்ந்த அந்நாளில் மிகப் பெரிய விற்பனைச் சரக்கு.

'தம்பதியர்' என்பதற்கும் ஒரு வரையறை இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்த இணையரை மட்டுமே சாண்டல்ஸ் ஏற்றது. லண்டன் நகரில் அதன் விளம்பரங்களுக்கு எதிர்ப்பு எழுந்த பின்னரே, 2004இல் அவ்விதி நீக்கப்பட்டது.

மதிலுக்கு வெளியே

விருந்தினர் வெளியே வராவிட்டால் வெளியே இருப்பவர் எப்படிப் பிழைப்பார்? வாடகைக் கார் ஓட்டுநர், மரச்சிற்பம் விற்பவர், சாலையோரம் கோழி வறுத்து விற்கும் பெண்மணி ஆகியோர் இக்கேள்வியைத் தொடக்கத்திலிருந்தே கேட்டுவருகிறார்கள். விடுதிகளின் விடையும் பொய்யன்று: ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது, பயணிகளே வராத காலத்தில் தீவுக்கு ஆளைக் கொண்டுவந்தது இம்முறைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா இதைச் சோதித்தே பார்த்தது. 1999இல் அந்நாட்டு அரசு அனைத்தும் அடங்கிய முறையைத் தடை செய்தது. பயண நிறுவனங்கள் எதிர்க்க, மறு ஆண்டே தடை விலக்கப்பட்டது. கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட், 1988இல் வெளியிட்ட 'எ ஸ்மால் பிளேஸ்' என்ற சிறு நூலில், விமானத்திலிருந்து இறங்கும் பயணியையே நேருக்கு நேர் விளித்து, அவர் காணாத தீவைக் காட்டினார். சுற்றுலா குறித்துப் படிக்கும் மாணவர்கள் தவறவிடக் கூடாத நூல் அது.

மாலத்தீவில் மதிலின் வேலையைக் கடலே செய்கிறது. 1972இல் ஆளில்லாத் தீவு ஒன்றில் குரும்பா என்ற முதல் விடுதி திறக்கப்பட்டது முதல், ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை அங்கே வேரூன்றியது. உள்ளூர் மக்கள் வாழும் தீவு வேறு, தேனிலவுத் தம்பதியர் தங்கும் தீவு வேறு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

ஜமைக்காவில் சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1956இல் இயற்றப்பட்ட கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அலைபடும் கரையை அரசுடைமையாக்கியது. ஆனால் அங்கே சென்று குளிக்கும் பொது உரிமையை மக்களுக்கு வழங்கவில்லை. உரிமம் பெற்ற விடுதி தன் கரையில் மற்றவர் வராமல் தடுக்கலாம். சென்னையில் மெரினாவில் காலாற நடந்து பழகிய நமக்கு, கடலுக்குப் போக அனுமதி வேண்டும் என்பது விளங்கிக்கொள்ளக் கடினம். பார்படாசில் கடற்கரைகள் அனைத்தும் பொதுமக்களுக்குரியவை. விடுதி எவ்வளவு பெரிதானாலும் மணலில் யாரும் நடக்கலாம். அதே உரிமை வேண்டும் என்று ஜமைக்காவின் மக்கள் அமைப்புகள் கோருகின்றன. தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் குளித்த கரைகளை மீட்க அவை நீதிமன்றத்தையும் நாடியுள்ளன. 1956ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்குகளில் வாதத்துக்குரியதாக நிற்கிறது.