அருவிக்கரைக் கூடாரங்கள்

காவிரி என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவன கல்லணையும் திருவரங்கமும் தஞ்சைக் கழனிகளுமே. ஆயினும், சமவெளியை அடையுமுன் அவ்வாறு கருநாடக மலைகளினூடே பாறைகளைப் பிளந்து அருவிகளாக வீழ்ந்து, அடர்ந்த காட்டினிடையே ஆழ்ந்த பள்ளத்தில் ஓடிவரும் நீண்டதொரு பகுதி உண்டு. தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு அப்பகுதியின் வரலாறு சிறப்பாக அறியத்தக்கது. அவ்வருவிக்கரையில் ஒருவர் இன்பத்திற்காகக் கூடாரமடிக்கின்றார். அவருக்கு முன்னரே பல்லாயிரவர் பிழைப்புக்காகக் கொட்டகையிட்டுத் தங்கினர். இவ்விரு வகையாரையும் ஒருங்கே நினைப்பதுதான் இவ்வுரையின் நோக்கம்.

யான் பெங்களூரை அடுத்து ஓசூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சந்தாபுராவில் குடியிருப்பவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். என் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். அவருடைய தந்தையார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து அங்குச் சென்று குடியேறியவர். சென்ற மழைக்காலம் ஓய்ந்த பின்னர், தந்தையாரை அழைத்துக்கொண்டு சிவனசமுத்திர அருவிகளைக் கண்டு, அன்றிரவு ஆற்றின் கீழ்ப்பால் உள்ள பீமேசுவரிக் காட்டு முகாமில் தங்கிவரப் புறப்பட்டேன். கனகபுரம் வழியாகச் சென்றோம். வயது முதிர்ந்தவரைக் காட்டிற்கு அழைத்துச் செல்வானேன் என்று வீட்டார் வினவினர். அதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சிவனசமுத்திரத்தில் காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து ஒரு தீவினைச் சூழ்கின்றது. மேற்குக் கிளை ககனசுக்கி என்னும் அருவியாகவும், கிழக்குக் கிளை பரசுக்கி என்னும் அருவியாகவும் வீழ்ந்து, பின்னர் ஒன்றுகூடிப் பள்ளத்தாக்கினுள் நுழைகின்றன. தீவின் நடுவே அரங்கநாதர் கோயில் கொண்டுள்ளார். சீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், இங்கு மத்தியரங்கம், நம் திருவரங்கத்தில் அந்தியரங்கம் என மூன்று தீவுகளையும் ஒரே மாலையில் கோத்து வணங்குவது வைணவ மரபு. ஆறு ஒன்று, அரங்கம் மூன்று. மாநில எல்லைகள் தோன்றுமுன்பே இவ்வுறவு தோன்றிவிட்டது.

எல்லையைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். இன்று அருவிகள் இரண்டும் கருநாடகத்தினுள்ளேயே உள்ளன. ஆனால் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்படும் வரையில், கிழக்குக் கரையிலிருந்த கொள்ளேகாலம் வட்டம் சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். மேற்குக் கரை மைசூர் சமஸ்தானம். எனவே அருவியின் ஓசையை இரு அரசுகளின் குடிகளும் தத்தம் கரையிலிருந்து கேட்டு வந்தனர்.

இக்கரைகளை இணைக்கும் கற்பாலங்களைச் செம்மைசெய்தவர் இராமசாமி முதலியார் என்னும் தமிழர். மைசூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாயிருந்த ரெசிடெண்டின் நம்பிக்கைக்குரிய அலுவலராயிருந்த அவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், காடுமண்டிக் கிடந்த இத்தீவைத் திருத்தி, கோயில்களைப் புதுக்கி, ஆற்றுப்பாறையிலேயே கற்றூண்களை நாட்டிப் பாலங்களை எழுப்பினார். அவற்றுள் ஒன்று வெல்லெஸ்லி பெயரையும் மற்றொன்று லஷிங்டன் பெயரையும் பெற்றன. அவர்கள் ஆங்கிலேயராட்சியின் ஆளுநர்கள். பாலம் கட்டியவருக்குக் கிடைத்தவை மானிய ஊர்களும், மக்களுக்கு உதவி புரிந்தவர் என்னும் பொருள்படும் ‘ஜனோபகார காமகர்த்தா’ என்ற பட்டமும் ஆகும். அப்பழைய பாலத்தின் ஒரு பகுதியை அண்மைக் காலத்து வெள்ளம் சிதைத்துவிட்டது. எஞ்சி நிற்கும் தூண்களைத் தொலைவிலிருந்தே கண்டோம்.

அடுத்து வருவதுதான் இவ்வருவியின் பெருங்கதை. 1895இல் அமெரிக்க நாட்டு நயாகரா அருவியில் பெரிய மின்னாக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. இந்தியாவில் 1897ஆம் ஆண்டிலேயே டார்ஜிலிங்கை அடுத்த சித்ராபொங்கில் சிறியதொரு நீர்மின் நிலையம் ஏற்பட்டதாயினும், நெடுந்தொலைவு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் துணிவு இந்நாட்டில் அதுவரை எவர்க்கும் எழவில்லை. மைசூர் அரசின் பொறியியல் துறையில் பணியாற்றிய ஜோலி டி லாட்பினியர் என்ற இராணுவப் பொறியாளர் அதனை நினைத்தார். அவர் கனடாவின் கியூபெக் பகுதியைச் சேர்ந்தவர். அத்திட்டத்திற்கு அரசின் வலுவைத் தந்தவர் திவான் சேஷாத்திரி ஐயர். பாலக்காட்டுப் பகுதியிற் பிறந்து, 1868இல் மைசூர் அரசுப் பணிக்கு வந்து, 1883 முதல் 1901 வரை திவானாக விளங்கிய அவரும் பிழைப்பை நாடி அயல்நாடு புகுந்த ஒருவரே என்பதை நாம் மறத்தலாகாது.

எந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தினின்றும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தினின்றும் கடல்வழி வந்தன. இரயிலடிக்கும் அருவிக்கும் இடையே சாலை வசதி இல்லாத காலம் அது. மாட்டு வண்டிகளும் யானைகளும் அவற்றைச் சுமந்தன என்பர். 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், மன்னர் இளையவராதலின் அரசியார் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த வேளையில், மின்சாரம் முதன்முறையாக ஓடிற்று. திட்டத்திற்குத் துணைநின்ற திவான் அதனைக் காணவில்லை. முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார்.

அம்மின்சாரம் எங்குச் சென்றது? அருகிலிருந்த மைசூருக்கு அன்று, பெங்களூருக்கும் அன்று. 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கடந்து, கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அஃது ஒன்றாகும். அதுவரை விறகையும் நிலக்கரியையும் எரித்து இயங்கிய எந்திரங்கள், காவிரியின் வலிமையால் இயங்கலாயின. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது மூன்றாண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டு 5ஆம் நாள்தான். கோடையில் அருவி மெலியும்போதும் எந்திரங்கள் ஓயாதிருக்க நீரைத் தேக்க வேண்டும் என்ற தேவை, பின்னர்க் கிருஷ்ணராஜசாகர அணை எழுந்ததற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று.

சுரங்கத்தினுள் இறங்கியவர் யாவர்? மிகப் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்றும், நிலமில்லாமையாலும் சாதிக் கொடுமையாலும் பஞ்சத்தாலும் ஊரைத் துறந்து வந்த ஏழை மக்கள். அவருள் ஒடுக்கப்பட்ட வகுப்பினரே மிகுதி. ஊரில் தமக்கு மறுக்கப்பட்ட எழுத்தையும் சங்கத்தையும் அங்கே அவர்கள் தேடிக்கொண்டனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தமை அதற்குச் சான்று. தாய்மொழி நாட்டுக்கு வெளியே ஓர் இதழைத் தாங்கி நின்றவர்கள் சுரங்கக் கூலிகள் என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

இப்போது தந்தையாரை அழைத்துச் சென்ற காரணத்தைக் கூறுகிறேன். எங்கள் வீட்டு விளக்கு எரிந்ததும், பாட்டனார் வேலை செய்த ஆலை சுழன்றதும் இவ்வருவியின் ஆற்றலால். மூன்று தலைமுறையாக இதன் பயனை நுகர்ந்தும், எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இதனைக் கண்ணால் கண்டதில்லை. ககனசுக்கியை நோக்கும் மேடையில் தந்தையார் நெடுநேரம் நின்றார். வெண்புகை போல் நீர்த்துளி எழுந்தது. பள்ளத்தின் அடியில் மின் நிலையக் கட்டடம் தெரிந்தது. “பூமிக்குக் கீழே எங்களுக்கு ஒளி தந்தது இதுதானா?” என்றார். வேறொன்றும் கூறவில்லை.

மாலையில் பீமேசுவரியை அடைந்தோம். சிம்சை என்னும் ஆறு காவிரியோடு கூடும் இடத்திற்கு அண்மையில், மருத மரங்கள் நிழலிடும் கரையில், கருநாடக அரசு நிறுவனம் அமைத்துள்ள முகாம் அது. 1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து தூண்டில்காரர் சிலர் இப்பகுதிக்கு வந்து, தமிழில் பொம்மீன் எனப்படும் மாபெரும் மீனைப் பிடித்தமையால் இக்கரை புகழ் பெற்றது. மீனைப் பிடித்து, எடையிட்டு, மீண்டும் ஆற்றிலேயே விடுவது அவர்தம் முறை. 1987இல் இக்காடு காவிரி வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பின்னர்ப் புகலிடச் சட்டத்தின்படி தூண்டிலும் நிறுத்தப்பட்டது. அம்மீனினம் இன்று மிக அருகிய நிலையில் உள்ளதாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. யானையும் முதலையும் சாம்பல்நிற மலையணிலும் வாழும் இக்காடு எல்லையோடு முடிவதன்று. தமிழ்நாட்டரசு 2014இலும் 2022இலும் அறிவித்த காவிரி வடக்கு, காவிரி தெற்குப் புகலிடங்கள் இதன் தொடர்ச்சியாக அமைந்துள்ளன.

நயாகராவில் நியூயார்க் அரசு 1885இலேயே அருவிக்கரையைப் பொதுப் பூங்காவாக்கியது. மின்னாக்கம் பின்னர் வந்தது. இங்கோ மின்னாக்கம் முன்னர். கீழ்க்காட்டின் காப்பு எண்பத்தைந்து ஆண்டுகள் பின்னர். காலம் தாழ்ந்தாலும் வந்ததே என்று மகிழலாம்.

இரவில் முகாம் ஊழியர் அரிக்கேன் விளக்கைக் கூடார வாயிலில் வைத்துச் சென்றார். கொள்ளேகாலத்துப் பக்கத்தவர், கன்னடத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசினார். “ஐயா, கீழே போனால் மேகெதாட்டு. நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார். “ஆடு தாண்டும் காவிரி” என்றேன். அவர் சிரித்தார். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அச்சிரிப்பின் பொருள் விளங்கிற்று. மேகெ என்பது ஆடு. தாட்டு என்பது தாண்டு. ஆறு ஒடுங்கி ஆடும் தாண்டத்தக்கதாய்த் தோன்றும் அப்பாறையிடுக்கைக் கண்ட இரு மொழியாரும் ஒரே நினைவே நினைத்திருக்கின்றனர். புகை எழும் கல்லாகிய ஹொகேனக்கல்லின் கல்லும் நம் கல்லே. எங்கள் சந்தாபுராவிற்கு அண்மையிலுள்ள ஆனேக்கல்லை அடுத்த சிற்றருவிக்கு முத்யாலமடுவு என்று பெயர். முத்தும் மடுவும் நமக்கு அயற்சொற்களா?

தந்தையார் உறக்கமின்றி அமர்ந்திருந்தார். தம் தந்தையாரைப் பற்றிச் சொல்லலானார். 1930இல் தங்கவயலில் தொழிலாளர் கைரேகை பதிய வேண்டுமென ஏற்பட்ட முறையை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் பாட்டனாரும் கலந்துகொண்டாராம். “குற்றவாளிக்கல்லவா கைரேகை? எனக்குப் பெயர் இருக்கிறது என்று சொன்னார்” என்றார் தந்தையார். அவ்வாக்கியம் என் நெஞ்சில் தைத்தது. ஆளுநர்களின் பெயர் பாலத்தில் உள்ளது. திவானுக்குப் பெங்களூர்க் கப்பன் பூங்காவில் சிலை உள்ளது. பிடித்த மீனின் எடையையும் எழுதி வைத்திருக்கின்றனர். அருவிக்கரையில் பாறையைப் பிளந்து கால்வாய் வெட்டியவர், கம்பம் நட்டவர், பூமிக்குள் இறங்கியவர் ஆகியோரின் பெயர்களை எழுதியவர் எவருமிலர். சுரங்கங்களும் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன.

அன்பர்களே! ஆற்று நீரைக் குறித்து மனக்கசப்பு மூண்ட 1991, 2016 ஆகிய ஆண்டுகளில் பெங்களூரில் நம்மவர் கதவடைத்து அஞ்சியிருந்த நாட்களை நான் அறிவேன். அப்போதெல்லாம் ‘நாம் இங்கு விருந்தினரோ’ என்ற ஐயம் நம் மக்கள் உள்ளத்தில் எழுவது இயல்பு. அவ்வையத்திற்குச் சினத்தாலன்றி வரலாற்றால் விடை கூறுவோம். இம்மண்ணின் ஒளியில் நம் முன்னோரின் வியர்வை கலந்திருக்கின்றது. அவ்வாறே நம் வாழ்வில் கன்னட நாட்டின் நீரும் சோறும் கலந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது.

வாய்ப்புள்ளோர் ஒருமுறை அருவிக்கரைக்குச் சென்று தங்கி வருக. செல்லுமுன் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எங்கே கூலி செய்தார் என்று கேட்டு, அப்பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க. யான் அவ்விரவிலேயே எழுதத் தொடங்கினேன். விளக்கொளியில் தந்தையார் பதினோரு பெயர்கள் சொன்னார். பன்னிரண்டாவது பெயர் நினைவுக்கு வரவில்லை. காலையில் புறப்படும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி, அதனையும் சொன்னார்.